தோள் கொடுக்க வந்தவள்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் புறப்படக் காத்திருந்த ஒரு சாயங்காலம், முன் சீட்டில் இருந்த மாமி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது காதில் விழுந்தது.

“என் பொண்ணோட கனம் உனக்குத்தான் நன்னாத் தெரியும்.”

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். களரி அடவுகளைப் புதுவகை நடனத்தோடு கலந்து ஆடும் ஒரு குழுவில் அவளும் மாமியின் மகளும் ஜோடி என்பதும், மகள் காய்ச்சலில் இறந்துபோய்ப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை என்பதும் பேச்சிலிருந்து தெரிந்தன.

“எட்டு வருஷம் தூக்கியிருக்கேன் மாமி. அவளைத் தோள்ல நிறுத்திண்டு மேடையைச் சுத்தி வருவேன். ஒரு தடவைகூட விழ விட்டதில்லை.”

“அன்னிக்கு நீ வந்து, ‘நானும் ஒரு பக்கம் தோள் குடுக்கறேன்’னு கேட்டே. பொம்மனாட்டி பாடை தூக்கறதாவதுன்னு எல்லாரும் சத்தம் போட்டா. பெத்தவ நான், வாயைத் திறக்கல்லை.”

“நான் வாசலோட நின்னுட்டேன். தெருமுனை திரும்பறச்சே தூக்கிண்டு போனவாளுக்குக் கொஞ்சம் தடுமாறித்து. இங்க என் தோள் தானா உசந்தது மாமி.”

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் கேட்டாள்.

“இனி யாரைத் தூக்குவே?”

“புதுசா ஒரு குட்டி வந்திருக்கா. மேலே ஏறவே பயப்படறா.”

“என் பொண்ணு கச்சை கட்டிண்டு ஆடறதைப் பார்க்க எனக்கு வெட்கமா இருந்தது. ஒரு நாள்கூட வரல்லை,” என்றாள் மாமி. “அந்தக் குட்டியோட அம்மாவை வரச் சொல்லு.”