பால் தூணடியில்

“மதினி, உங்களுக்குக் குழந்தைன்னாலே ஆகாதா?” என்று என் தம்பி மனைவி ரூஸ்தியா ஒருமுறை கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை. அவளுடைய பிரசவத்துக்கு வெந்நீர் வைத்ததும் தொப்புள்கொடியைக் கட்டியதும் நான்தான்.

அந்த ஆண்டு ரோமில் தானியம் விலை ஏறியது. எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயிலை இடித்தார்கள். பிறகு, தளபதி ஜெர்மானிக்கஸ் கீழைநாட்டில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. ஊர் அரற்றியது. வீட்டுத் தெய்வங்களையே தெருவில் வீசினார்கள். அன்று பிறந்த பிள்ளைகள் அபசகுனம், வேண்டாம் என்றார்கள். ரூஸ்தியாவுக்கு அன்று காலைதான் மகன் பிறந்திருந்தான்.

எங்கள் வழக்கப்படி, பிறந்த பிள்ளையைத் தரையில் கிடத்துவோம். தகப்பன் தூக்கினால்தான் அது வீட்டுப் பிள்ளை. என் மகளை என் கணவன் தூக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனான்; அவளை வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவளுக்காக ஒரு தெருவும் அழவில்லை.

தம்பி நுமேரியுஸ் அந்தத் தளபதியின் கீழ் போரிட்டவன். அழுது வீங்கிய முகத்தோடு வந்தான். தரையில் கிடந்தவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

“மூக்கைப் பாருக்கா, அப்படியே நம்ம அப்பா. பாவம், இந்த மூக்குக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

அவன் கைகள் நீண்டன.

“உன் தளபதி செத்த சேதி வந்த நாளுடா தம்பி. ஊரே வேண்டாம்னு விடுது. நீ மட்டும் கொஞ்சப் போறியா?” என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கைகளை இழுத்துக்கொண்டான். “நீயே கொண்டுபோய் விட்டுரு, அக்கா. என்னால முடியாது.”

ரூஸ்தியா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

காய்கறிச் சந்தையில் பால் தூண் இருக்கிறது. வேண்டாத பிள்ளைகளை அதனடியில் விடுவார்கள், தேவைப்பட்டவர்கள் எடுத்துப்போவார்கள். துணியை நன்றாகச் சுற்றித்தான் விட்டேன்.

அந்தியில் சிரியாவிலிருந்து வந்த வணிகர்கள், தளபதி பிழைத்துவிட்டார் என்றார்கள். தெருவே பாடியது. பெண்கள் தங்கள் பிள்ளைகளை எடுக்க ஓடினார்கள். நுமேரியுஸ் மூச்சிரைக்க வந்தான்.

“அக்கா, எங்க விட்டே? சீக்கிரம் சொல்லு!”

அந்தப் பதற்றம் என் கணவனின் குரலில் ஒருநாளும் இருந்ததில்லை.

“ஆத்தங்கரையில, பாலத்துக்கிட்ட” என்றேன்.

விடியும்வரை சேற்றில் தேடினான். வணிகர்கள் சொன்னதும் பொய் என்று காலையில் தெரிந்தது. நான் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். தூணடி காலியாக இருந்தது.

அதன் பிறகுதான் ரூஸ்தியாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே விட்டேன் என்பதையும், தம்பியிடம் என்ன சொன்னேன் என்பதையும். ஒரே துக்கம் உள்ளவர்களுக்குள் ஒளிவு எதற்கு? இனி நாங்கள் இருவரும் சேர்ந்து அழலாம். அவள் தலை சாய்க்க மடியை ஒழுங்குசெய்துகொண்டேன்.

அவள் போர்வையைத் தோளில் இழுத்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி நடந்து வெளியே போனாள்.