பேணிக்குள் கேட்ட சத்தம்

— கிட்டப் போகாதை எண்டு சொல்லுறன், அருமை! தகரப் பேணிக்குள்ளை டிக் டிக்கெண்டு கேக்குதெல்லே.

— கேக்குது அண்ணை. பொறுங்கோ, வடிவாக் கேப்பம்.

— என்னத்தை வடிவாக் கேக்கிறது? டைம்பொம் அது. மரக்கறி லொறிக்காரன் ஊரடங்குக்கு முதல் போகவேணுமெண்டு படலையடியிலை வைச்சிட்டு ஓடினவன். நுவரெலியாவிலையிருந்து வந்தது, ‘உன்ரை தங்கச்சிக்கு’ எண்டான், அவ்வளவுதான். இஞ்சை பார், நான் உதைக் கிணத்துக்கை போடப்போறன்.

— ஐயோ, வேண்டாம்! உது தவளை.

— தவளையோ? உனக்கென்ன விசரே?

— மலைக்காட்டுத் தவளை அண்ணை. சின்னிவிரல் நகமளவுதான் இருக்கும். பகலிலை இலைக்குக் கீழை கிடக்கும். பொழுதுபட்டாத்தான் கத்தும். நுவரெலியாவிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை காடுதானே.

— அந்த வீடும் இல்லை, கடையும் இல்லை. நாளைக்குக் கீரிமலையிலை உன்ரை புருசனுக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. ஐயருக்கும் சொல்லியாச்சு. இப்ப போய்த் தவளைக் கதை கதைக்கிறாய்.

— அவரின்ரை உடம்பைக் கண்டனீங்களோ?

— உங்கடை பக்கத்து வீட்டு அற்புதராணி சொன்னவவெல்லே, கலவரத்திலை கடை எரியேக்கை மச்சான் உள்ளுக்கை நிண்டவரெண்டு. நீ அகதிக் கப்பலிலை வந்திறங்கி ஒரு மாசமாப் போச்சு. ஒரு சேதியும் இல்லை. எனக்கு மட்டும் நெஞ்சு வேகேல்லையே, பிள்ளை? செத்த மனிசனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடேலாது.

— தள்ளுங்கோ, நான் திறக்கப்போறன்.

— அருமை! சொன்னால் கேள்... கடவுளே! தவளைதான். உந்தச் சின்னச் சாமானோ இவ்வளவு சத்தம் போட்டது?

— கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ. இந்த வெக்கை அதுக்குத் தாங்காது.

— அங்கத்தைச் சனம் ஆரும் உனக்கெண்டு ஏதோ அனுப்பியிருக்குங்கள். அதுக்குள்ளை இது பாஞ்சிருக்கும்.

— வேறை ஒண்டுமில்லை அண்ணை. ஈரப்பாசியும் தவளையும்தான். மூடியைப் பாருங்கோ. அது மூச்சுவிட ஆணியாலை குத்திவிட்டிருக்கு.

— நீ நினைக்கிறது எனக்கு விளங்குது. உயிரோடை இருந்தால் மச்சான் ரண்டு வரி எழுதமாட்டாரோ?

— வழி வழிய லொறியை மறிச்சுச் சோதிக்கிறாங்கள். தமிழ்க் கடிதம் ஆம்பிட்டால் அந்த லொறிக்காரனை விடுவாங்களோ?

— அதுக்குத் தவளையையோ அனுப்புறது?

— கலியாணம் கட்டிப் போன முதல் நாள், இந்தச் சத்தத்துக்குப் பயந்து விடிய விடிய அழுதனான். இவர் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுவந்து என்ரை உள்ளங்கையிலை விட்டவர். வெக்கத்திலை நான் அதை அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. போய் ஐயரை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ, அண்ணை. இவர் உயிரோடை இருக்கிறார்.