எண்ணெய்க்குப் போயிருக்கு

ஆர்டிஸ்: …சரி, தலைமாட்டு டிராயர் வேண்டாங்கற. மெத்தைக்கு அடியில?

ராய்ஸ்: அங்கயும் வேண்டாம்.

ஆர்டிஸ்: ஏன், முதுகுல உறுத்துமா?

ராய்ஸ்: நான் விளையாட வரல ஆர்டிஸ். வீட்டுல துப்பாக்கியை எங்க வைக்கறதுன்னு கேட்டேன். நீ சேணத்தைத் தைச்சுக்கிட்டே பதில் சொல்ற.

ஆர்டிஸ்: கைதானே தைக்குது, வாய் சும்மாத்தானே இருக்கு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. காபி ஆறிப்போச்சு.

ராய்ஸ்: உன் கடையில காபி என்னைக்குச் சூடா இருந்திருக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து உன்னைப் பாக்கறேன்.

ஆர்டிஸ்: சரி, முதல்லேருந்து சொல்லு. யாருக்குப் பயந்து துப்பாக்கி?

ராய்ஸ்: திருடனுக்கு. மேற்குச் சாலையில ரெண்டு வீட்டுல புகுந்துட்டானாம். மார்லிஸ் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிட்டு வீட்டுக்கு வர்ற நேரம் நான் கொட்டகையில மாட்டோட கிடக்கேன். அவ தனியா இருப்பா. ஒரு தற்காப்பு வேணும்ல.

ஆர்டிஸ்: யார் வீட்டுல புகுந்தான்?

ராய்ஸ்: …யாரோ வீட்டுல.

ஆர்டிஸ்: ஊர்ல மொத்தமே நானூறு பேர். அதுல யாரோன்னு ஒரு குடும்பம் இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே.

ராய்ஸ்: நீ இடத்தைச் சொல்லு தாயே.

ஆர்டிஸ்: ஃப்ரிட்ஜ் மேல வை. எங்க அப்பா அங்கதான் வச்சிருந்தார்.

ராய்ஸ்: பால் எடுக்கப் போறப்பல்லாம் கண்ணுல படும்.

ஆர்டிஸ்: படட்டுமே. திருடன் வந்தா டக்குனு எடுக்கலாம்.

ராய்ஸ்: டக்குனு எல்லாம் வேண்டாம்.

ஆர்டிஸ்: அப்ப சின்ன இரும்புப் பெட்டி ஒண்ணு வாங்கு. விரலை வச்சாத்தான் திறக்கும். பேரப்பசங்க வந்தாலும் கவலையில்ல. உன் விரலைத் தவிர வேற எதுக்கும் திறக்காது.

ராய்ஸ்: என் விரலுக்குத் திறக்கும்ல.

ஆர்டிஸ்: திறக்கணும்தானே?

ராய்ஸ்: …ம்.

ஆர்டிஸ்: இன்னும் ஒண்ணு சொல்றேன் கேளு. துப்பாக்கி ஒரு அலமாரியில, குண்டு வேற அலமாரியில. ரெண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. ஷெரிஃப் ஆபீஸ்ல குடுக்கற காகிதத்துல இப்படித்தான் போட்டிருக்கு.

ராய்ஸ்: ரெண்டு அலமாரியும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே.

ஆர்டிஸ்: வீட்டுக்காரன் உனக்குத் தெரியாம?

ராய்ஸ்: இல்ல… எனக்குத் தெரியாத இடமா ஒண்ணு இருந்தாச் சொல்லேன். என்ன, ஊசியை நிறுத்திட்ட.

ஆர்டிஸ்: திருடன் வந்து நின்னா, கொஞ்சம் இருப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்பியா?

ராய்ஸ்: சிரிக்காத.

ஆர்டிஸ்: நான் சிரிக்கல. உன் டிரக் வாசல்ல நிக்குதே, சாவி எங்க?

ராய்ஸ்: வண்டியிலதான். எல்லாரும் வண்டியிலதானே விடுவோம்.

ஆர்டிஸ்: வீட்டுக் கதவைப் பூட்டினியா?

ராய்ஸ்: அதுக்கு ஏது பூட்டு. எங்க தாத்தா கட்டின வீடு, அவர் காலத்துலயே பூட்டு கிடையாது.

ஆர்டிஸ்: திருடனுக்குப் பயப்படற ஆளு, கதவைத் திறந்து போட்டுட்டு, சாவியை வண்டியில விட்டுட்டு வந்திருக்க. டிரக்ல துப்பாக்கி எத்தனை இருக்கு?

ராய்ஸ்: நான் கொண்டு வந்தேன்னு சொல்லலையே.

ஆர்டிஸ்: எத்தனை?

ராய்ஸ்: மூணு. வீட்டுல இருந்த எல்லாமே.

ஆர்டிஸ்: ஒரு கைத்துப்பாக்கிக்கு இடம் கேட்க, வீட்டுல இருந்ததை எல்லாம் வாரிக்கிட்டு வந்திருக்க. ராய்ஸ், ஏப்ரல் பனிப்புயல்ல உனக்கு எத்தனை கன்னு போச்சு?

ராய்ஸ்: அதை எதுக்கு இப்ப…

ஆர்டிஸ்: எத்தனை?

ராய்ஸ்: அறுபத்திமூணு. ரெண்டு நாள் லோடர்ல அள்ளினேன். அள்ள அள்ள தாய்மாடுங்க லோடர் பின்னாலயே வந்துச்சுங்க. கத்தக்கூட இல்ல. சும்மா நடந்து வந்துச்சுங்க.

ஆர்டிஸ்: எங்ககிட்ட முப்பதுன்னுதானே சொன்ன.

ராய்ஸ்: எல்லாருக்கும்தான் போச்சு. நான் மட்டும் ஒப்பாரி வைக்கவா?

ஆர்டிஸ்: எல்லாருக்கும் போனா உனக்கு வலிக்காதா? நேரா கேக்கறேன், நேரா சொல்லு. நீ உன்னையே ஏதாவது பண்ணிக்குவேன்னு பயமா இருக்கா? நான் எங்கயும் போகல. மெதுவா சொல்லு.

ராய்ஸ்: டிராயரைத் திறந்தேன். மூணு தடவை. திறந்து பாத்துட்டு மூடிட்டேன், அவ்வளவுதான். நாலாவது தடவை மூடுவேனான்னு தெரியல. அதான் காலையில எல்லாத்தையும் வண்டியில ஏத்தினேன்.

ஆர்டிஸ்: நல்ல வேலை பண்ண. நிஜமாச் சொல்றேன், ரொம்ப நல்ல வேலை பண்ண.

ராய்ஸ்: வெக்கமா இருக்கு ஆர்டிஸ்.

ஆர்டிஸ்: இருக்கட்டும். வெக்கத்தால யாரும் சாகறதில்ல. மூணையும் எண்ணெய்க்குக் குடுத்துட்டுப் போ.

ராய்ஸ்: எதுக்கு?

ஆர்டிஸ்: எண்ணெய்க்கு.

ராய்ஸ்: உனக்கு எண்ணெய் போட எங்க தெரியும்? நீ சேணமும் பூட்ஸும் தைக்கறவ. ஹார்லன்தான் சொல்லிக்கிட்டுத் திரிவான், என் துப்பாக்கி ஆர்டிஸ்கிட்ட எண்ணெய்க்குப் போயிருக்குன்னு. மூணு வருஷமா அதையே சொல்றான். எண்ணெய் போடப் போச்சா, எண்ணெயில பொரிக்கப் போச்சான்னு எத்தனை நாள் கேலி…

ஆர்டிஸ்: என்ன, பாதியில நிறுத்திட்ட.

ராய்ஸ்: …ஹார்லனா?

ஆர்டிஸ்: நான் யார் பேரையும் சொல்லல.

ராய்ஸ்: ஹார்லன் அந்த வருஷம்தான் நிலத்தை வித்தான். அவன் சிரிச்சான் ஆர்டிஸ். நான் கேலி பண்றப்பல்லாம் என்கூடச் சேர்ந்து சிரிச்சான். எனக்கு பீர் வாங்கிக் குடுத்தான்.

ஆர்டிஸ்: அவனுக்கு உன்மேல கோவம் இல்ல. கோவம் இருந்தா வாங்கிக் குடுத்திருப்பானா?

ராய்ஸ்: இன்னும் யாரெல்லாம் எண்ணெய்னு சொல்லியிருக்காங்க… கடவுளே. பாதி ஊர் சொல்லியிருக்கு. சர்ச் வாசல்ல வச்சே சொல்லியிருக்காங்க. நான் பாட்டுக்குத் தலையாட்டிட்டுப் போயிருக்கேன்.

ஆர்டிஸ்: தலையாட்டினியே, அது போதும். பின்னால இருக்கறது பழைய பேங்க்கோட இரும்பறை. பேங்க் மூடினப்ப கட்டடத்தை நான் வாங்கினேன், அறையை அவங்களால பேத்துக்கிட்டுப் போக முடியல. அதுக்குள்ளதான் எல்லாம் தொங்குது.

ராய்ஸ்: அப்ப இப்பவே வச்சுடு. நான் போய் எடுத்துட்டு வர்றேன்.

ஆர்டிஸ்: இரு. அதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்தக் கதவை நான் தனியாத் திறக்க முடியாது. பூட்டுக்கு ரெண்டு எண். ஒண்ணு எனக்குத் தெரியும், இன்னொண்ணு வேற ஆளுக்குத் தெரியும். பேங்க்காரங்க பழக்கம் அது, ஒருத்தரே திறக்கக் கூடாதுன்னு.

ராய்ஸ்: அந்த ஆளைக் கூப்பிடு.

ஆர்டிஸ்: கூப்பிடலாம். மார்லிஸ்.

ராய்ஸ்: எந்த மார்லிஸ்?

ஆர்டிஸ்: ஊர்ல எத்தனை மார்லிஸ் இருக்கா?

ராய்ஸ்: என் பொண்டாட்டியா.

ஆர்டிஸ்: ஆறு வருஷமா.

ராய்ஸ்: அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. கடைக்குப் போனா யாரைப் பாத்தா, யாரு என்ன சட்டை போட்டிருந்தான்னுகூடச் சொல்றவ.

ஆர்டிஸ்: அதைச் சொல்லுவா. இதைச் சொல்ல மாட்டா.

ராய்ஸ்: வேண்டாம் ஆர்டிஸ். அவளுக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன். நான் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறேன்.

ஆர்டிஸ்: மூணையும் ஏத்திக்கிட்டு எங்க போவ?

ராய்ஸ்: …வீட்டுக்குத்தான்.

ஆர்டிஸ்: அந்த டிராயருக்கா? ராய்ஸ், கதவுகிட்டப் போகாத. இங்க வா. உக்காருடா.

மார்லிஸ்: உக்காருங்க ராய்ஸ். ஆர்டிஸ் சொல்றா இல்ல.

ராய்ஸ்: நீ எப்படி இங்க… ஆர்டிஸ் இன்னும் போனைத் தொடவே இல்லையே.

மார்லிஸ்: அவ கூப்பிடல. தீவனக் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு மூணு துப்பாக்கியையும் வண்டியில ஏத்தினீங்க. துப்பாக்கிக்கு என்ன தீனி போடப் போறீங்கன்னு பின்னாலயே வந்தேன். முக்கால் மணி நேரமா உங்க டிரக்லதான் உக்காந்திருக்கேன். இந்தாங்க சாவி. இல்ல, நானே வச்சுக்கறேன்.

ராய்ஸ்: மார்லிஸ், டிராயரை வந்து… மூணு தடவை…

மார்லிஸ்: நாலு.

ராய்ஸ்: மூணுதான்.

மார்லிஸ்: நாலு. அந்த டிராயர் கிறீச்சுன்னு கத்தும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. முதல் தடவை கேட்டதுமே அதுல இருந்த குண்டையெல்லாம் எடுத்துட்டேன்.

ராய்ஸ்: கேட்டிருக்கலாம்ல என்னை.

மார்லிஸ்: கேட்டா என்கிட்டயும் ஒரு திருடன் கதை சொல்லியிருப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு ராய்ஸ். தப்பா ஒரு வார்த்தை கேட்டு நீங்க அப்படியே மூடிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம். நீங்களாக் கிளம்பினா பரவால்லன்னு தினமும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் கிளம்பினீங்க.

ராய்ஸ்: கிளம்பலேன்னா?

மார்லிஸ்: நாளைக்கு நானே ஏத்திட்டு வந்திருப்பேன். உங்களையும் சேர்த்து.

ஆர்டிஸ்: ரெண்டு பேரும் அழுது முடிச்சா வேலையைப் பாக்கலாம். மார்லிஸ், நீ முதல்ல. நான் சுவத்தைப் பாத்து நின்னுக்கறேன்.

ராய்ஸ்: ஏன் திரும்பிக்கற?

ஆர்டிஸ்: அவ போடற எண் என்னன்னு நான் பாக்கக் கூடாது. என்னோடதை அவ பாக்கக் கூடாது. நீயும் திரும்பு.

மார்லிஸ்: …என்னோடது போட்டாச்சு.

ஆர்டிஸ்: என்னோடதும். ராய்ஸ், அந்தச் சக்கரத்தைச் சுத்து. இடப்பக்கம்.

ராய்ஸ்: இவ்வளவு பெரிய கதவு… விரலால தள்ளினா நகருது. என் மார்பு அகலம் இருக்கு கனம். உள்ள கம்பி ஒவ்வொண்ணா விலகின சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?

மார்லிஸ்: எனக்கு ஆறு வருஷமாக் கேக்குது. இன்னும் உடம்பு சிலிர்க்கும்.

ஆர்டிஸ்: லைட்டு வலப்பக்கம். உள்ள பாக்கறது எதுவும் வெளியில வரக்கூடாது.

மார்லிஸ்: ஏன் தொப்பியைக் கழட்டிட்டீங்க?

ராய்ஸ்: தெரியல. கழட்டணும்போல இருந்துச்சு. இத்தனையா, ஆர்டிஸ்? சுவத்துல இத்தனை கொக்கியா?

ஆர்டிஸ்: இன்னைக்கு உன்னோடதைச் சேர்த்தா இருபத்திரெண்டு பேர்.

ராய்ஸ்: பேர் எதுவும் எழுதலையே. தோல் பட்டையில மாட்டுக்குப் போடற சூட்டுக்குறி மட்டும் போட்டிருக்க.

ஆர்டிஸ்: பேர் எழுதினா தெரிஞ்சிடும்ல. அதான் அவங்கவங்க மந்தையோட சூட்டைப் போட்டேன்.

ராய்ஸ்: அடிப்பாவி. இந்த ஊர்ல பேரைவிட அதைத்தானே எல்லாரும் முதல்ல படிப்பாங்க. சாய்ஞ்ச எச்… இது ஹார்லன். கம்பிக்கு மேல ரெண்டு வளையம்…

மார்லிஸ்: படிக்காதீங்க.

ராய்ஸ்: சூட்டைப் பாத்தா படிக்காம இருக்க எனக்குத் தெரியாது மார்லிஸ். அரைவட்டத்துக்குள்ள டி… இவனா? காளை மேல ஏறினா இறங்கவே மாட்டான்னு பேர் வாங்கினவன் இவன். பறக்கற ஆர்… இவர் ஷெரிஃபோட அண்ணன். இவங்களைப் பாத்துத்தான் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இவங்கல்லாம் தாங்கறாங்களே, உனக்கு என்ன கேடுன்னு.

ஆர்டிஸ்: அவங்களும் உன்னைப் பாத்துத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க.

ராய்ஸ்: இந்த வெறும் கொக்கிங்க?

ஆர்டிஸ்: நல்லாகி எடுத்துட்டுப் போனவங்களோடது. எங்க ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டாத்தான் குடுப்போம். அவசரப்பட்டு வந்து கேட்டா, மார்லிஸுக்கு எண் மறந்துபோச்சுன்னு சொல்லிடுவா.

மார்லிஸ்: எனக்கு அடிக்கடி மறந்துபோகும்.

ஆர்டிஸ்: திங்கக்கிழமை ஹார்லன் உன்னை பில்லிங்ஸ் டவுன்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவான். அவனே போய்க்கிட்டு இருக்கற டாக்டர்தான். வர மாட்டேன்னு சொல்லாத.

ராய்ஸ்: சொல்லல. அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.

ஆர்டிஸ்: வண்டியில மூணு மணி நேரம் இருக்கு, நிதானமாக் கேளு. சரி, மூணையும் எடுத்துட்டு வந்து மாட்டு மார்லிஸ்.

ராய்ஸ்: நான் எடுத்துட்டு வர்றேன்…

மார்லிஸ்: நீங்க நில்லுங்க. நான் போறேன்.

ராய்ஸ்: …ஆர்டிஸ், அந்த முதல் கொக்கி. துப்பாக்கி இருக்கு, பட்டை இருக்கு, அதுல சூடு இல்லையே. மாடில்லாத ஆளு யாரு இந்த ஊர்ல?

ஆர்டிஸ்: யோசி.

ராய்ஸ்: தபால் ஆபீஸ்காரர்… பாதிரியார்… வேற யாரு?

மார்லிஸ்: இந்தாங்க, கொண்டு வந்துட்டேன். என்ன யோசனை? ராய்ஸ், அதைக் கேக்காதீங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்.

ஆர்டிஸ்: விடு மார்லிஸ், அவன் தெரிஞ்சுக்கட்டும். அது என்னோடது ராய்ஸ். என் புருஷன் டெல் செத்தானே, அந்தக் குளிர்காலத்துல மாட்டினேன். பேங்க்காரங்க போறப்ப பூட்டோட ரெண்டு எண்ணையும் என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. நான்தான் ஒண்ணை உன் பொண்டாட்டியை விட்டு மாத்தச் சொல்லி, நான் எப்படிக் கெஞ்சினாலும் என்கிட்டச் சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டேன். ரெண்டு தடவை கெஞ்சியிருக்கேன். அவ சொல்லல.