செல்டா பழகிய கண்

அட, நிக்காதீங்க அத்தை, கட்டில்லயே உக்காருங்க. அந்தப் புத்தகத்தையெல்லாம் ஓரமா தள்ளிடுங்க. பான்சிட் நூடுல்ஸா? எனக்காகவே செஞ்சு எடுத்துட்டு வந்தீங்களா? வைங்க, அப்புறம் சாப்பிடறேன்.

இல்ல, திங்கக்கிழமை உறுதிமொழி விழாவுக்கு நான் வரல. ஆமா, கண் பரிசோதகர் பரீட்சையில நானும் பாஸ்தான், எண்பத்திமூணு மார்க். உங்க பொண்ணு செல்டா எழுபத்தாறு, தெரியும். இங்கதானே என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. சண்டையா? சண்டையெல்லாம் போடல. இருங்க, சொல்றேன்.

அவ எனக்கு ஒரு வருஷம் சீனியர். முதல் தடவை ஃபெயிலானப்ப நீங்க படாங்காஸ்லேருந்து பஸ் ஏறி வந்து, நோரைன், இவளை நீதான் கரையேத்தணும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டீங்க. அதுலேருந்து சேந்துதானே படிச்சோம்.

எழுத்துப் பரீட்சை அவளுக்குப் பெரிய விஷயமில்ல அத்தை. செய்முறைதான். கண்ணுக்குள்ள பாக்கற கருவியைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பா. கண்ணுக்குள்ள நரம்பு எங்கன்னு தேடறதுக்குள்ள மணி அடிச்சிடும். அதனால என் கண்ணுலயே பழகிக்கடின்னேன். தினம் சாயங்காலம் சன்னலைச் சாத்திட்டு அந்த நாற்காலில உக்காருவேன். அவ லைட்டை அடிச்சு, மூஞ்சிகிட்ட மூஞ்சி வச்சுப் பாப்பா. பூண்டுச்சோறு தின்னுட்டு வந்தியாடின்னு கத்துவேன். சிரிச்சுச் சிரிச்சு லைட்டே ஆடும்.

மே மாசம் ஒருநாள் அவ லைட்டை நகத்தவே இல்ல. இடது கண்ணையே பாத்துக்கிட்டிருந்தா. என்னடின்னேன். ஒண்ணுமில்ல, இன்னிக்குத்தான் நரம்பு தெளிவா தெரிஞ்சுதுன்னா. எனக்கு அவ்ளோ சந்தோஷம்! கீழ ஓடிப்போய் ரெண்டு பேருக்கும் பாலும் ஐஸும் போட்ட ஹாலோ ஹாலோ வாங்கிட்டு வந்தேன். அவ பாதியிலயே வச்சுட்டா. ஐஸ் பல்லு கூசுதுன்னா.

அப்புறமும் மூணு மாசம் தினம் பாத்தா அத்தை.

போன வாரம் ஜூனியர் பொண்ணு ஒருத்திக்குக் குடுக்கலாம்னு அவ விட்டுட்டுப் போன நோட்டையெல்லாம் எடுத்தேன். ஒண்ணுல என் கண்ணை வரைஞ்சிருக்கா. பக்கத்துல என் பேரு, மே பதினாலுன்னு தேதி. நரம்பு ரொம்பக் குழிஞ்சிருக்கு, பார்வையைப் பறிக்கற கிளாக்கோமாவா இருக்கும், உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும்னு எழுதியிருக்கா. ஒரு பிழை கிடையாது. முழு மார்க் போடலாம்.

டாக்டர்கிட்ட போனேன், மறுநாளே. மே மாசமே வந்திருந்தா பார்வை இவ்ளோ போயிருக்காதுன்னாரு. போனது திரும்பாது. மிச்சத்தை சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கணும். இப்ப வலது கண்ணை மூடிக்கிட்டா உங்க முகத்துல பாதி இல்ல.

எனக்கெப்படி தெரியும்? ஒரு கண்ணுல குறைஞ்சா இன்னொண்ணு சரிக்கட்டிடும், ஆளுக்கே தெரியாது. அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தினதே நான்தான். ஆனா நம்ம கண்ணுக்குள்ள நாமளே பாத்துக்க முடியாதே. அவள நம்பித்தானே உக்காந்தேன்.

அழாதீங்க. அவ பயந்துட்டா, தெரியும். நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சா அவளுக்கு யாரு சொல்லிக்குடுப்பா? ஆனாலும் மனசு கேக்கல போல. அன்னிக்கே உங்களுக்கு போன் போட்டிருக்கா. படத்துக்குக் கீழயே எழுதி வச்சிருக்கா அத்தை, சின்ன எழுத்துல. பரீட்சை முடியற வரைக்கும் நோரைன்கிட்ட சொல்லாதேன்னு அம்மா சொல்லிட்டாங்கன்னு.