கீல் ஓரத்து ரத்தம்

பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நான் படியிறங்குவதில்லை. என் மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

பகலில் திருவொற்றியூரில், செயற்கை இதய வால்வு செய்யும் கம்பெனியில் வேலை, மாலையில் எம்.இ. வகுப்பு. வால்வு வழியாக ரத்தம் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் பொறுப்பு. ரத்தம் ஓடும் இடத்தைக் கட்டங்களாகப் பிரிப்போம். பெரிய கட்டங்களில் எல்லாம் சரியாக ஓடியது. கட்டங்களைப் பொடியாக்கியபோது, வால்வின் இதழ் அசையும் கீல் ஓரத்தில் ரத்தம் வெளியேற வழியின்றி அதே இடத்தில் சுற்றியது. அப்படித் தேங்கினால் உறையும்.

மேலாளர் ஹென்றியிடம் பெரிய கட்டத்தின் முடிவைத்தான் கொடுத்தேன். கொடுத்த பிறகு திரும்ப வழியில்லை. பொடிக் கட்டம் சரியென்றால் நான் பொய்யன், தவறென்றால் முட்டாள். எது என்று ஒரு நிஜ இதயம்தான் சொல்ல முடியும்.

ராயபுரத்தில் என் அறைக்குக் கீழ் வீட்டில் மதார் சாகிப் இருந்தார். காசிமேட்டில் வலை வியாபாரம். அவருக்கு வால்வு மாற்ற வேண்டும் என்றதும், எங்கள் வால்வை நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்கும் சோதனையில் சேரச் சொன்னது நான்தான். பக்கத்தில் இருந்தால் கவனிக்க வசதி.

ஆபரேஷனுக்குப் பிறகு, வால்வு மூடும் சத்தம் அவர் அருகில் உட்கார்ந்தால் கேட்கும். "நெஞ்சுக்குள்ள கடியாரம் வெச்சிகினு திரியறேன் நைனா, ஒரு பய டைம் கேக்க மாட்டேங்கிறான்," என்பார். ரத்தம் உறையாமலிருக்க உதவும் மாத்திரையை தினமும் வகுப்பு முடிந்து வந்து நானே கொடுத்தேன். "என் புள்ள வசீம்கூட இப்டி பாத்துகினது இல்ல," என்று கண் கலங்கினார். மாத்திரை தவறியிருந்தால் குற்றம் மாத்திரையுடையதா, வால்வுடையதா என்று தெரியாமல் போயிருக்கும்.

ரம்ஜான் முடிந்து ஓர் இரவு சத்தம் மழுங்கிக் கேட்டது.

"மூச்சு வாங்குது நைனா. ஆசுபத்திரிக்கு இட்னு போறியா?"

"சளியாத்தான் இருக்கும் பாய். காலைல பாத்துக்கலாம்."

சளியாகவும் இருக்கலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். காலையில் அவர் எழவில்லை.

வசீம் போலீசில் புகார் கொடுத்ததால் உடலை அறுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கீல் ஓரத்தில், என் கணக்கு காட்டிய இடத்திலேயே ரத்தக்கட்டி இருந்தது என்று நீங்கள் சொன்னபோது, இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

வால்வு தவறானது என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறீர்கள். அதே வால்வு வைத்திருப்பவர்களை உடனே அழைக்க வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன். ஆனால் ஒரே ஓர் இதயத்தை வைத்து முடிவு சொல்வது முறையல்ல. இன்னொன்றும் வரட்டும்.