கல்யாண பஸ் மேட்டில் நின்றது

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் பின்னால் மாட்டிய கரியடுப்புப் புகையில் ஓடின. சங்ககிரியிலிருந்து சேலம் போன அப்படியொரு பஸ்ஸில், வெள்ளைப் புடவை கட்டிய கல்யாணப் பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் எனக்கு முன்னால் இருந்தார்கள். மேட்டில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் தள்ளுவதற்கு இறங்கினோம்.

"கர்த்தர்தான் நிறுத்தியிருக்கறாரு. நோக்கமில்லாம அவரு ஒண்ணுஞ் செய்யமாட்டாரு" என்றார் தகப்பனார்.

"அப்ப அவரையே தள்ளச் சொல்லுங்க" என்றாள் தாய். "போதகரய்யா நம்ம கோயிலுக்கு மாசத்துல ஒருக்காத்தான் வாராரு. நேரந் தப்புனா போயிருவாரு. அப்பறம் கல்யாணம் எங்கீங்க?"

"போகமாட்டாரு புள்ள."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்."

"ஏஞ் சாமி, நீயாச்சும் உங்கப்பனுக்குச் சொல்லு!" என்று தாய் மகளிடம் திரும்பினாள்.

"மொதல்ல என் சீலையத் தூக்கிப் புடிம்மா, கரி படுது" என்று பெண் சிரித்தாள்.

அப்போது பக்கத்து வண்டித்தடத்திலிருந்து, காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்தார். வெள்ளை அங்கி கைப்பிடியில் தொங்கியது.

"ஐயா!" என்று மூவரும் கத்தினார்கள்.

"உங்க கல்யாணத்துக்கு எப்படிப் போய்ச் சேரப்போறேன்னு ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன்" என்றார் போதகர். சைக்கிளை பஸ் மேலே ஏற்றிவிட்டு அவரும் தோள் கொடுத்தார். பஸ் உறுமிக் கிளம்பியது. எல்லோரும் ஓடி ஏறினோம்.

"இப்பத் தெரியுதா புள்ள, ஏன் நின்னுச்சுன்னு?"

"தெரியுதுங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நானு இத்தன திட்டியிருக்க மாட்டேனுங்களே!"

"எனக்கே இப்பத்தான புள்ள தெரியும்!"