முற்றுப்புள்ளி வரை

இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தில் ‘ஆல்தோ’வும் ‘பட்’டும் சேர்ந்து வரக் கூடாது சார். ஏதாவது ஒன்று போதும். பயிற்சி மையத்தில் இதைப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. டாக்டருக்கு அதை விட்டால் வேறு தெரியாது. நடுவில் நான். அவள் கழுத்திலிருந்த கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் ‘ஆல்தோ’வில்தான் ஆரம்பித்தார். கட்டி சின்னதாக இருந்தாலும் உடனே அறுத்து எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்றார்.

“கட்டி சின்னதுதானாம்க்கா,” என்றேன்.

“அவ்ளோ நேரம் பேசினாரே, இவ்ளோதானா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் நீட்டி முழக்குவாங்க.”

சிரித்தாள். கத்தி என்றாலே அவளுக்குப் பயம். அதனால்தான் சொல்லவில்லை. தவிர, வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்காதான். அவளும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? எனக்குக் காலையிலும் வகுப்பு, மாலையிலும் வகுப்பு.

அடுத்த முறை போனபோது விழுங்கவே கஷ்டப்பட்டாள். மாத்திரை வலியைக் குறைக்கும் என்று சொல்லி டாக்டர் நிறுத்தினார். பிறகு ‘ஹவெவர்’ என்று தொடங்கினார். இனியும் காத்திருந்தால் தன் கையில் எதுவும் இருக்காது என்றார். ‘ஹவெவர்’ புது வாக்கியம் சார். நான் அதற்கு முந்தைய முற்றுப்புள்ளியோடு நின்றுகொண்டேன். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளிடம்.

டாக்டரிடம் ஒன்று சொன்னேன். ஆபரேஷனுக்கு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்டார். எல்லாம் புரிந்தும் மறுக்கிறாள் என்றேன். ‘டிஸ்பைட்’ போட்டு, பின்னால் ‘ஆஃப்’ சேர்க்காமல், சரியாகத்தான் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்தார். என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல், மரியாதைக்கு அவள் தலையை ஆட்டினாள்.

கடைசியில் குரலே போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னால உனக்கு எவ்ளோ அலைச்சல்டா,” என்றாள். காற்று மட்டும்தான் வந்தது.

அப்பாவையா கேட்கிறீர்கள்? நன்றாக இருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறேன். அடுத்த தெருப் பெண்தான். அக்காவை அடக்கம் செய்த மறுநாள் போய்க் கேட்டேன். கேட்டதும் வந்துவிட்டாள்.